நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது

"சோதிக்காமல் ஒரு பொருளை உள்ளே விட்ட எந்த நாகரிகமும் இந்தப் பூமியில் நிலைத்ததில்லை" என்று ஏகவல்லி ஸ்டீல் காஸ்டிங்ஸின் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் துளசிராமன் அறிவித்தபோது, அறையில் இருந்த மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கையில் வெர்னியர் காலிப்பர் இருந்தது. காலிப்பரின் வாயில் ஒரு சி.டி. மாட்டியிருந்தது.

"விட்டம் நூத்தி இருபது மில்லிமீட்டர். எழுதிக்கோம்மா."

உலை அலுவலகத்துச் சந்திரகலா எழுதினாள்.

"நடு ஓட்டை பதினைஞ்சு. கீறல் இல்லை. விஷுவல் ஓ.கே. அடுத்தது?"

அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே வரும் எந்தச் சரக்குக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஒரே படிவம்தான். அதில் அடுத்த கட்டம் 'கடினத்தன்மை'. துளசிராமன் சி.டி.யை லேசாக வளைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதச் சொன்னார். இந்தப் பெருந்தன்மையை மற்றவர்கள் கவனித்தார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

முஜீப் தலையைக் குனிந்துகொண்டான். அந்த சி.டி.யை இணையத்திலிருந்து இறக்கி எழுதியவன் அவன்தான். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கணினி படித்து, தினமும் பஸ்ஸும் ரயிலும் மாறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வந்துபோகிறவன். பதவி 'சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்'. பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பதும் மவுஸின் அடியில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டுவதும் அதன் அன்றாடக் கடமைகள்.

விஷயம் இப்படித் தொடங்கியது. 2007 கார்த்திகையில், மூன்று தெரு தள்ளி இருந்த ஒரு தொழிற்சாலைக்கு இரண்டு பேர் டை கட்டிக்கொண்டு வந்து, "உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேருக்கெல்லாம் பில் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்கள். செய்தி வந்த அன்று மதியமே ஏகவல்லியின் எம்.டி. தன் இருபத்திரண்டு கணினிகளையும் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். இரண்டு நாள் கழித்து முஜீப் அவரிடம், யாரும் சட்டப்படி இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கே திறந்துவிட்ட மென்பொருள்கள் இருக்கின்றன என்று சொன்னான். எம்.டி.க்கு முதலில் மகிழ்ச்சி. பிறகு பயம்.

"சும்மா குடுக்கிறானா? அப்போ உள்ள ஏதோ இருக்குது. நல்லா டெஸ்ட் பண்ணிட்டு எல்லாத்துலயும் போடுங்க."

இப்படியாகப் பிறந்ததுதான் மென்பொருள் சோதனைக் குழு. தலைவர் துளசிராமன். உறுப்பினர்கள் முஜீப், சந்திரகலா, கொள்முதல் பிரிவுத் தாவீது. பூஜ்யம் விலையுள்ள பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பதைத் தவிர தாவீதுக்கு வேறு அபிப்பிராயம் எதுவும் இருக்கவில்லை.

இருபத்திரண்டு கணினிகளில் இருபத்தொன்றைப் பற்றி முஜீபுக்குக் கவலையில்லை. சம்பளப் பட்டியல், கேட் பாஸ், கடிதம். தப்பினால் திட்டு விழும், அவ்வளவுதான். அவன் பயந்தது உலை அலுவலகத்தில் இருந்த ஒன்றைப் பற்றித்தான். அதில் ஒரு கணக்குத்தாள் இருந்தது. 2003-இல் துபாய்க்குப் போய்விட்ட ஓர் இன்ஜினியர் எழுதி வைத்தது. முந்திய ஊற்றலுக்குப் பிறகு உலைக்குள் எத்தனை கிலோ உருகிய இரும்பு மிச்சம் நிற்கிறது என்று ஒரு கட்டத்தில் தட்ட வேண்டும். 'கணக்கிடு' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். இன்னும் எத்தனை கிலோ பழைய இரும்பு போடலாம் என்று அது சொல்லும். உலை ஐயாயிரம் கிலோ கொள்ளும். அதற்கு மேல் போனால், வடிவதற்கு அந்த இரும்புக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. உலையைச் சுற்றி ஆட்கள் நிற்கும் மேடை.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் ஓர் உலை அப்படி வழிந்தது. சத்தம் கேட்டு மதிலோரம் ஓடிப் போனவர்களில் முஜீபும் ஒருவன். என்ன பார்த்தாய் என்று வீட்டில் கேட்டபோது, புகை என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து உலைமேடையின் இரும்புப் படிகளில் அவன் ஏறியதில்லை.

எனவே குழுவின் முதல் கூட்டத்தில் வாயைத் திறந்தான்.

"சார், ஒரு மாசம் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி ஓட்டலாம் சார். டெய்லி இன்னா நம்பர் வருதோ அதை ரெண்டுலயும் போட்டுப் பாக்கலாம். கூட வெச்சி, கொறைச்சி வெச்சி, கன்னாபின்னான்னு போட்டுப் பாக்கணும். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டா மாத்தலாம். உலை ஆபீஸை கடைசியா வெச்சிக்கலாம்."

துளசிராமன் கண்ணை மூடிக் கேட்டார். மூடிய கண் திறக்கச் சற்று நேரமானது.

"மிஸ்டர் முஜீப், கன்னாபின்னான்னு போட்டா வர்ற விடை சரியா தப்பான்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"பழசுல வர்றதோட ஒத்துப் பாக்கலாம் சார்."

"அப்போ தினமும் விடை மாறும். மாறுற விடையை வெச்சு என்னத்தைச் சோதிக்கிறது? சரியான பீஸ் ஒண்ணை மாஸ்டரா வெச்சு, அதோட ஒத்துப் பார்த்து அனுப்புறதுதான் முறை. நாம நட்டு போல்ட்டுக்கே அப்படிச் செய்யறோம். விடை தெரியாத சோதனை ஒரு சோதனையாய்யா?"

"கரெக்ட்டு" என்றார் தாவீது, வடையை எடுத்தபடி.

மாஸ்டருக்குப் பஞ்சமில்லை. துளசிராமனின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ் தொங்கியது. வெளியிலிருந்து வந்த ஆடிட்டர் கொடுத்தது. இந்த உலையில் மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் போட்ட இரும்பின் எடை ஒரு கிலோ கூடப் பிசகவில்லை என்றும், இப்படி ஒரு கட்டுப்பாட்டைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றும் அதில் இருந்தது. மிச்சம் நூற்றைம்பது, போட வேண்டியது நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது. மேடையில் நின்று இரும்பை உருக்கும் மெல்ட்டர் அப்பாவு அவ்வளவு ஒழுங்கான ஆள் போலிருக்கிறது என்று முஜீபும் நினைத்துக்கொண்டான்.

அந்த எண்ணே மாஸ்டர் ஆனது. மூன்று கணினிகள் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. சிவப்பு 'நிறுத்தி வை' அட்டை கட்டி, தரக்கட்டுப்பாட்டு அறையில் பூட்டப்பட்டன. சாவி துளசிராமனின் பெல்ட்டில். சி.டி. மட்டும், கழித்துப்போட்ட போல்ட்டுகளோடு ஸ்டோர்ஸின் கம்பிக் கூண்டில் இரவுகளைக் கழித்தது. மூன்று வாரம் தினமும் காலை பதினொரு மணிக்குச் சந்திரகலா நூற்றைம்பது என்று தட்டுவாள், பொத்தானை அமுக்குவாள்.

"என்ன வருது?" என்பார் துளசிராமன்.

"நாலாயிரத்து எண்ணூத்தி அம்பது சார்."

"ஒத்துப்போகுது. போடு டிக்."

நான்காம் நாள் அவளே ஒன்றைக் கவனித்தாள். "முஜீப்ண்ணா, பழசுல பட்டனை அமுக்குனா ஒரு சின்னப் பொட்டி வரும்ல, ஓகே போட்டாத்தான் போவும். இதுல அது வரவே மாட்டேங்குது."

"இன்னா பொட்டி?"

"இன்னாவோ இங்கிலீஷ்ல நாலு லைன். நான் வேலைக்கி வந்த நாள்லேருந்து வருது. ஓகே அமுக்கிக்கினே இருக்கேன்."

முஜீப் வாயைத் திறப்பதற்குள் துளசிராமன் முந்திக்கொண்டார். அந்தப் பெட்டி அவர் கையால் எழுதிய வேலைமுறைக் குறிப்பிலேயே இருந்தது: 'படி ஏழு: தோன்றும் பெட்டியில் ஓ.கே. அழுத்தவும்.' புதிய மென்பொருளில் ஒரு படி மிச்சம். அறிக்கையில் 'முன்னேற்றங்கள்' என்ற தலைப்பின் கீழ் எழுத ஒன்றும் இல்லாமல் இருந்த கவலை அவருக்கு அத்தோடு தீர்ந்தது.

அன்று மாலை முஜீப் கடைசியாக ஒருமுறை கேட்டான். "சார், ஒரே ஒரு தடவை வேற நம்பர் போட்டுப் பாக்கட்டா? ஒரே ஒரு நம்பர்."

"மாஸ்டரைக் கலைக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை. உமக்கும் இல்லை."

மூன்று கணினி, பதினெட்டு நாள், ஐம்பத்து நான்கு டிக். தோல்வி பூஜ்யம். அறிக்கையின் அடியில் 'சோதித்தவர்' என்ற கோட்டில் முஜீபின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றான். ரயிலுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. போட்டான். அன்றிரவு படுத்தபோது மதிலோரம் கண்ட புகை நினைவுக்கு வந்தது. எழுந்து தண்ணீர் குடித்தான்.

தை மாதத்து இரண்டாவது வெள்ளி நல்ல நாள் என்று தீர்மானமாகியது. வியாழக்கிழமை முழுக்க முஜீப் சி.டி.யும் கையுமாக அலைந்து, மாதிரி மூன்று போக மீதிப் பதினெட்டு கணினிகளில் புதியதை ஏற்றி, பழையதை அழித்தான். செக்யூரிட்டி அறையில் இருந்த ஒன்றுக்கு சி.டி. போடும் தட்டு உடைந்திருந்ததால் அது மட்டும் தப்பியது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பச்சை வட்டம் ஒட்டினார்கள். 'சோதிக்கப்பட்டது. ஏற்கப்பட்டது.'

அதே நாள் அறிவிப்புப் பலகையில் எம்.டி.யின் சுற்றறிக்கையும் வந்தது. எழுதியது துளசிராமன். பழைய இரும்பை மூன்று பெரிய வாளிகளில் நிரப்பி கிரேனில் தூக்கி உலையில் கொட்டுவது வழக்கம். கடைசி வாளியில் பாதியைக் கொட்டிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும் பழக்கம் மேடையில் இருப்பதாகத் தெரியவருகிறது. இது கணினியை அவமதிப்பதாகும். இனிமேல் தாளில் உள்ள எடை ஒரு கிலோ குறையாமல் உலைக்குள் போக வேண்டும். வாளியைத் திருப்ப வேண்டுமானால் விலகல் படிவம், மூன்று கையெழுத்து.

படிக்கத் தெரிந்த ஒருவன் சத்தமாகப் படித்துக் காட்ட, அப்பாவு பீடியை அணைத்தபடி கேட்டார். ஆரம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற மனிதர். இருபது வருடமாக அந்த மேடையில் நிற்பவர்.

"மூணு கையெழுத்தா? அதுக்குள்ள என் கால் இருக்குமா நைனா?"

எல்லோரும் சிரித்தார்கள். முஜீபுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உலை அலுவலகத்துக் கணினிக்கு விபூதியும் குங்குமமும் இட்டு, மவுஸுக்குச் சாமந்திப்பூ சுற்றியிருந்தார்கள். எம்.டி. தேங்காயை உடைத்தார், தண்ணீர் கீபோர்டில் தெறித்தது. சந்திரகலா துப்பட்டாவால் துடைத்துவிட்டு எண்ணைத் தட்டினாள், பொத்தானை அமுக்கினாள், தாளை எடுத்துக் கொடுத்தாள். கைதட்டினார்கள். முதல் வாளி போனது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது போனது. உலை வழக்கமான ரீங்காரத்தில் இருந்தது. சர்க்கரைப் பொங்கல் தொன்னை தொன்னையாக வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வாளி கொட்டும்போது போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றார் துளசிராமன். "மிஸ்டர் முஜீப், வாங்க மேடைக்கு. உம்ம சாஃப்ட்வேர்தானே!"

வேறு வழியில்லை. இரும்புப் படிகள் செருப்பைத் தாண்டிச் சுட்டன. மேலே போனதும் அனல் முகத்தில் அறைந்தது. உலையின் வாய்க்குள் வெள்ளையாய் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. அதை நேராகப் பார்க்க முடியவில்லை. விளிம்புக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது. தலைக்கு மேல் மூன்றாவது வாளி கிரேனில் மெதுவாக நகர்ந்து வந்தது.

"தாளை நெஞ்சுல பிடியும். எழுத்து தெரியுற மாதிரி."

பிடிக்கும் முன் முஜீப் ஒருமுறை பார்த்தான். மிச்சம்: 1,100. போட வேண்டியது: 4,850.

முந்தின நாள் வார்ப்பு அச்சு ஒன்று உடைந்துபோனதால் ஊற்ற முடியாமல் ஒரு டன்னுக்கு மேல் உள்ளேயே நின்றுவிட்டிருந்தது. சந்திரகலா அதை ஒழுங்காகத்தான் தட்டியிருக்கிறாள்.

"சார், நிறுத்தச் சொல்லுங்க."

"போட்டோ முடியட்டும்."

"சார், கூட்டிப் பாருங்க சார்! ஆயிரத்து நூறும் நாலாயிரத்து எண்ணூத்தி அம்பதும்!"

"பச்சை ஒட்டினதை நான் எதுக்குய்யா கூட்டணும்?" துளசிராமனின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "நாலாயிரத்து எண்ணூத்தி அம்பதுதானே வந்திருக்கு? அதானே சரியான விடை?"

கீழே நின்ற தாவீது, தொன்னையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, செல்போனில் கூட்டினார். தன் வாழ்நாளில் குழுவுக்கு அவர் செய்த ஒரே சேவை அது. "ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது வருது சார்."

"உலை எவ்வளவும்மா கொள்ளும்?" என்றார் எம்.டி.

"அஞ்சாயிரம் சார்" என்றாள் சந்திரகலா.

வாளி உலைக்கு நேர் மேலே வந்து ஆடியது. அதன் விளிம்பிலிருந்து துருப்பிடித்த போல்ட் ஒன்று நழுவி உள்ளே விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து ஆள் உயரத்துக்குப் பொறி எழுந்து மேடைமேல் சிதறியது. துளசிராமன், விலகல் படிவம் எதுவும் இல்லாமல், இரண்டு அடி விலகினார். அப்பாவு யாரையும் பார்க்கவில்லை. கையை உயர்த்தி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, கிரேன்காரனுக்குத் திருப்பு என்று காட்டினார். வாளி ஒரு கணம் நின்றது. சுற்றறிக்கையைக் கிரேன்காரனும் கேட்டிருந்தான். பிறகு அது பின்வாங்கியது.

"இன்னா பேஜாரு இது" என்றார் அப்பாவு, எல்லோரையும் பொதுவாகப் பார்த்து. "எறங்கிப் போங்க. நாங்க வேலை செய்யணும்."

பிற்பகல் குழு அவசரமாகக் கூடியது. எம்.டி. மேசையைத் தட்டினார். "சும்மா குடுத்தா இப்படித்தான் இருக்கும்னு அன்னிக்கே சொன்னேன்! யார் டெஸ்ட் பண்ணது?"

துளசிராமன் அறிக்கையைத் திருப்பி, 'சோதித்தவர்' என்ற கோட்டை விரலால் காட்டினார்.

பழைய மென்பொருள் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை என்று குறிப்பில் ஏறியது. மூன்று வருடச் சான்றிதழே அதற்குச் சாட்சி என்றும் ஏறியது. பழையதில் ஆயிரத்து நூறைப் போட்டால் சரியான விடை வரும் என்பதைக் காட்டி ஒரு தாள் எடுத்து இணைத்துவிட்டால் விசாரணை முடிந்தது. மாலைக்குள் முஜீபின் கணக்கையும் முடித்துவிடலாம். அவன் போவதைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தாவீது மட்டும் ஒரு வடையை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பழையது இருந்த கணினி ஒன்றே ஒன்று. எல்லோருமாகச் செக்யூரிட்டி அறைக்குப் போனார்கள். அப்பாவுவும் சாட்சிக்காக வரவழைக்கப்பட்டார்.

"இத்தனை வருஷமா இந்தத் தாள்படிதானே போட்டுக்கினு இருந்தே?" என்று கேட்டார் எம்.டி.

"தாளா? எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது நைனா. உள்ள எட்டிப் பாப்பேன். போதும்னா வாளியைத் திருப்பிடுவேன். எழுதுறவங்க தாள்ல இருக்கிறதை எழுதிக்குவாங்க."

இது குறிப்பில் ஏறவில்லை.

முஜீப் பென்டிரைவிலிருந்து கணக்குத்தாளைத் திறந்தான். 1,100 என்று தட்டினான். பொத்தானை அமுக்கினான். சின்னப் பெட்டி ஒன்று தோன்றியது.

"ஓகே போடுங்கண்ணா" என்றாள் சந்திரகலா.

போட்டான். பெட்டி மறைந்தது. 4,850.

ஐந்நூறு என்று தட்டினான். பெட்டி. ஓ.கே. 4,850. பூஜ்யம். பெட்டி. ஓ.கே. 4,850.

வெளியே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. கதவைத் திறக்க வேண்டிய செக்யூரிட்டி திறக்கவில்லை. துளசிராமன் மூன்று வருடத்தின் ஆயிரக்கணக்கான ஊற்றல்களை மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது போல உதட்டை அசைத்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் கையெழுத்து இருந்தது.

முஜீப் நான்காம் முறை பொத்தானை அமுக்கினான். இந்த முறை ஓ.கே. போடவில்லை. பெட்டிக்குள் இருந்த நான்கு வரியையும் முதன்முதலாகப் படித்தான். இந்தத் தாளுக்குள் கணக்குப் போடும் கட்டளைகள் இந்தக் கணினியில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. எனவே பொத்தான் எதையும் செய்யாது என்று அது பணிவாகத் தெரிவித்தது. தெரிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டத்தில் என்றோ கணக்கிட்ட எண்தான் மாறாமல் நின்றிருக்கிறது; புதியதிலும் அப்படியே, பெட்டி மட்டும் இல்லாமல்.

"யாருய்யா நிறுத்தினது?" என்றார் எம்.டி.

சிஸ்டம்ஸ் பிரிவின் பதிவேட்டைக் கொண்டுவந்து புரட்டினார்கள். 2004 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, சம்பளப் பட்டியலை வைரஸ் தின்ற வாரத்தில், அந்தப் பதிவு இருந்தது: 'பாதுகாப்புக்காக இருபத்திரண்டு கணினிகளிலும் இவ்வகைக் கட்டளைகள் நிறுத்தப்பட்டன. ஒரு கணினியில் சோதித்துப் பார்த்து, பிறகு எல்லாவற்றிலும் செய்யப்பட்டது. — முஜீப்.'

சோதித்துப் பார்த்த அந்த ஒரு கணினியில் சீட்டாட்டம் மட்டும்தான் இருந்தது. அந்த வருட ஆயுதபூஜையன்று இதற்காக அவனுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள்.